ஏழைக்கு ஏன் மாளிகை?

ஆடையற்று நிற்கும் இரவலன் ஒருவனுக்குப் பொற்சரிகை பின்னிய போர்வையை ஈவது அறமாகுமா, அறியாமையாகுமா? ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் இவ்வினா எழுந்தது. எழுப்பியவர் சாமானியரல்லர், பிரான்சிஸ் பேக்கன் என்னும் பேரறிஞர். அவர் அக்காலத்தில் அரசின் மன்றாடியார் நாயகமாகவும் விளங்கினார். பெருஞ்செல்வர் ஒருவர் இலண்டன் மாநகரில் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகையொன்றை விலைக்கு வாங்கி, வறிய முதியோருக்கு உறைவிடமாகும்படி ஒழுங்குசெய்துவிட்டு இறந்துபோனார். அச்சொத்தைப் பற்றி முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஆலோசனை எழுதிய பேக்கன், ஏழைகளுக்கு இத்துணைப் பெரிய மாளிகை பொருந்தாதென்றும், அஃது இரவலனுக்குச் சரிகைப் போர்வை கொடுப்பதை ஒக்குமென்றும் வாதித்தார்.

அந்த மாளிகையின் பெயர் சாட்டர்ஹவுஸ். இன்றும் அது நிற்கிறது. முதியோர் இன்றும் அதில் வாழ்கின்றனர். இந்நாளில் மேலைநாட்டு நகரங்கள் பலவற்றில், பயன் ஒழிந்த பழைய ஆலைகளும் பள்ளிக்கூடங்களும் மடங்களும் முதியோருக்கேற்ற குறைந்த வாடகை வீடுகளாக மாற்றப்பட்டு வருகின்றன. அத்தகைய முயற்சி நடைபெறும் இடமெல்லாம் பேக்கனின் வினா வேறு சொற்களில் திரும்பவும் கேட்கப்படுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மலிவாக முடியாதா? வறியவருக்கு வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடம் எதற்கு? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர் சாட்டர்ஹவுஸின் கதையை முதலில் அறிதல் நன்று.

1348ஆம், 1349ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. இறந்தோரைப் புதைக்க நகரின் இடுகாடுகள் போதவில்லை. மன்னருடைய படைத்தலைவருள் ஒருவரான சேர் வோல்ட்டர் மானி என்பவர் நகர்மதிலுக்கு வெளியே ஒரு நிலத்தைப் பெற்று இடுகாடாக்கினார். 1371ஆம் ஆண்டில் அதே நிலத்தில் காத்தூசியன் துறவியருக்கு ஒரு மடம் நிறுவப்பட்டது. ஏனைய சபைத் துறவியர் ஒரே கூடத்தில் கூடி உண்டு உறங்கி வாழ்ந்தனர். காத்தூசியர் வழக்கமோ வேறு. ஒவ்வொரு துறவிக்கும் தனித்தனியே ஒரு சிறு வீடு. அதன் பின்னே ஒரு சிறு தோட்டம். உணவைக்கூட வாயிலருகே சுவரிலுள்ள ஒரு சிறு துவாரத்தின் வழியாகவே வைத்துச் செல்வர். வைப்பவரும் எடுப்பவரும் ஒருவரையொருவர் காணாதவாறு அத்துவாரம் சுவருக்குள் வளைந்து செல்லும். அதே வேளையில் அவர்கள் முற்றிலும் தனித்தவருமல்லர். வழிபாட்டுக்குக் கோயிலில் ஒன்றுகூடினர். குறித்த திருநாள்களில் உடனிருந்து உண்டனர். தனிமையும் கூட்டும் இவ்வாறு அளவோடு கலந்த ஒரு வாழ்க்கை அங்கே நிலவியது. இச்செய்தியை நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர் இது பயன்படும்.

எட்டாம் ஹென்றி மன்னர் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று கூறியபோது இம்மடத்துத் துறவியர் பலர் அதை ஏற்க மறுத்தனர். 1535ஆம் ஆண்டு மே மாதத்தில் மடத்தின் தலைவர் யோன் ஹோட்டன் தூக்கிலிடப்பட்டார். 1537இல் மடம் அரசின் கைக்குச் சென்றது. இறைவனைத் தொழுத கோயில் சில காலம் மன்னருடைய கூடாரங்களைப் போட்டுவைக்கும் களஞ்சியமாயிற்று. ஒரு கட்டடம் தன் தொழிலை இழந்துவிட்டால் அதற்கு நேரும் முதல் இழிவு இதுவே. இடிப்பதற்கு மனமில்லை, வாழ்வதற்கு ஆளில்லை, ஆதலால் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அது புகலிடமாகிறது. முதுமையுற்ற மனிதரையும் சில வீடுகளில் இவ்வாறே நடத்துகின்றனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

பின்னர் அவ்விடத்தைச் சேர் எட்வேட் நோர்த் என்பவர் வாங்கினார். அவர் மடத்தின் பெரும் பகுதியை இடித்து, அதன் கற்களைக்கொண்டே தமக்கொரு மாளிகை எடுத்தார். உயர்ந்த கூரையுடைய பெருமண்டபம் அவர் காலத்தது. 1558ஆம் ஆண்டு நவம்பரில் முடிக்குரியவரான எலிசபெத் அரசியார் முடிசூட்டு விழாவுக்கு முன்னர் இங்கே தங்கினார். பின்னர் நோர்போக் கோமகன் இதனை வாங்கி அலங்கரித்தார். அரசியாருக்கு எதிரான சதியில் ஈடுபட்டார் என்னும் குற்றத்துக்காக 1572இல் தலை இழந்தார். 1603இல் ஜேம்ஸ் மன்னர் தலைநகருக்கு வந்தபொழுதும் இங்கேதான் தங்கினார். துறவியர் மடமாயிருந்தது பிரபுக்களின் அரண்மனையான கதை இதுவே.

1611ஆம் ஆண்டில் தோமஸ் சட்டன் என்பவர் இம்மாளிகையை 13,000 பவுண் கொடுத்து வாங்கினார். அவர் வடபுலத்தில் அரச பீரங்கிப்படைக்கல அதிகாரியாகப் பணியாற்றியவர்; டர்ஹம் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். வறிய முதியோருக்கு ஓர் இல்லமும் ஏழைச் சிறுவருக்கு ஒரு பள்ளியும் அமைப்பது அவருடைய நோக்கம். முதலில் எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஹாலிங்பெரி என்னும் ஊரில் புதிதாகக் கட்டவே அவர் எண்ணினார். அதற்குப் பாராளுமன்றத்தின் இசைவும் பெற்றிருந்தார். அந்த எண்ணத்தை மாற்றி, தலைநகரின் அருகே ஏற்கெனவே நின்ற பழைய கட்டடத்தைத் தேர்ந்தார். புதிதாகக் கட்டுவதா, பழையதை மாற்றுவதா என்னும் இக்கால வினாவுக்கு 1611ஆம் ஆண்டிலேயே அவர் தமது விடையைக் கூறிவிட்டார் எனலாம். ஆயினும் அதன் பயனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார்.

பெரியவர் கண்மூடியதும் முதுசொத்துக்கு வழக்கு எழுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சட்டனின் மருமகனான சைமன் பாக்ஸ்டர் என்பவர், தருமம் முறைப்படி நிறுவப்படவில்லை, ஆகவே சொத்துத் தமக்கே உரியது என்று வழக்குத் தொடுத்தார். இல்லம் இன்னும் திறக்கப்படவில்லை. முதியவர் ஒருவரும் உள்ளே வரவில்லை. இல்லாத இல்லத்துக்கு எழுதிய சொத்துச் செல்லுமா என்பதே வாதம். 1612இல் நீதிபதிகள் தருமத்தின் பக்கமே தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைப் பதிவு செய்த நீதியரசர் சேர் எட்வேட் கோக், கூட்டு நிறுவனம் என்பது கண்ணுக்குப் புலப்படாதது, சட்டத்தின் கருத்தில் மட்டும் உறைவது, ஆதலால் மரணமற்றது என்னும் பொருள்பட விளக்கினார். கம்பனிச் சட்டம் பயிலும் மாணவர் சட்டன் இல்ல வழக்கை இன்றும் படிக்கின்றனர். வணிகருக்குப் பெரிதும் பயன்பட்ட அந்தத் தத்துவம் வறிய கிழவருக்கு ஒரு கூரையை உறுதிசெய்யும் பொருட்டு விளக்கம் பெற்றது என்பது பலர் அறியாத செய்தி.

1614இல் முதல் முதியவர்கள் உள்ளே வந்தனர். தருமசாதனத்தின்படி முதியவர் எண்பதின்மர், சிறுவர் நாற்பதின்மர். போரிற் படைக்கலம் ஏந்திய வீரர், கடற்கொள்ளையராலும் கப்பற் சேதத்தாலும் பொருளிழந்த வணிகர், அரண்மனைப் பணியாளர், வறுமையுற்ற நற்குடிப் பிறந்தோர் ஆகியோர் இதற்குரியவராகக் கருதப்பட்டனர். அவர்களுக்குச் 'சகோதரர்' என்று பெயர். கறுப்பு அங்கி அணிந்து, பெருமண்டபத்தில் ஒருங்கே அமர்ந்து உண்டனர். மாலைதோறும் மணியொன்று ஒலிக்கும். இல்லத்தில் எத்தனை சகோதரர் உள்ளனரோ அத்தனை முறை அம்மணி அடிக்கப்படும். ஒருவர் இறந்தால் மறுநாள் மாலை ஓர் அடி குறையும். அதைக் கேட்டு ஏனையோர் செய்தியறிவர் என்பது மரபு.

பேக்கன் சொன்னதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இவ்வளவு பெரிய கொடை, உண்மையான வறியவரை விடுத்து, செல்வாக்குள்ளவருக்கு வேண்டியவர்களின் கையிற் சேர்ந்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். அவ்வச்சம் வீணானதன்று. இல்லத்தில் இடம் பெறுவதற்கு ஆளுநர்களுள் ஒருவருடைய நியமனம் வேண்டும். ஆளுநரோ மன்னரும் பேராயரும் பிரபுக்களும். ஆகவே, எவர் முகம் அறிந்தவரோ அவரே உள்ளே வரத்தக்கவர் என்ற நிலை எளிதில் ஏற்படக்கூடியதாயிருந்தது. 1850களில் சார்ள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வார இதழ், இல்லத்துச் சகோதரர் நடத்தப்படும் முறையைக் கண்டித்து எழுதிற்று. 1886இல் இடத்தின் ஒரு பகுதியைக் கட்டட வளர்ச்சிக்கு விட வழிசெய்யும் மசோதாவொன்று பாராளுமன்றத்துக்கு வந்து, பலத்த எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. மாநகர் வளர்ந்து நிலத்தின் விலை ஏறும்போதெல்லாம், ஏழையின் கூரைக்குக் கீழுள்ள நிலத்தின்மீது எவருடைய கண்ணாவது விழுவது இயல்பே.

இனி, சரிகைப் போர்வை வீணாயிற்றா என்பதற்கு ஒரு சான்றைப் பார்க்கலாம். கன்ரபெரி நகரிற் சாயத்தொழில் செய்துவந்த ஸ்டீபன் கிரே என்பவர் 1719இல் இவ்வில்லத்திற் சேர்ந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர், பல்கலைக்கழகம் சென்றறியாதவர், உடல் நலிந்தவர், ஆனால் வானியலிலும் மின்சார ஆராய்ச்சியிலும் தீராத வேட்கையுடையவர். உணவுக்கும் உறையுளுக்கும் கவலையற்ற நிலை வாய்த்ததும், தம் அறையிலே கண்ணாடிக் குழாயொன்றைத் தேய்த்து மின்னூட்டி ஆராய்ந்தார். குழாயின் வாயை அடைத்திருந்த தக்கையும் மெல்லிய இறகைக் கவர்ந்தது. தக்கையிற் குச்சியைச் செருகிப் பார்த்தார். குச்சியின் நுனியில் தந்தப் பந்தைப் பொருத்திப் பார்த்தார். பின்னர் நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். கவரும் ஆற்றல் நூல்வழியே ஓடியது. அறை போதாமற் போகவே நண்பர் ஒருவருடைய நாட்டுப்புற மாளிகைக்குச் சென்று, பல நூறு அடி நீளமான சணற் கயிற்றைப் பட்டு நூல்களில் தாங்கவைத்து அதன்வழி மின்னைச் செலுத்தினார். பட்டுக்குப் பதிலாகப் பித்தளைக் கம்பியாற் கயிற்றைத் தாங்கியபோது மின் மறைந்தது. சில பொருள்கள் மின்னைக் கடத்தும், சில கடத்தா என்னும் பேருண்மை 1729ஆம் ஆண்டில் இவ்வாறு வெளிப்பட்டது. இலண்டன் றோயல் கழகம் தன் கொப்ளி பதக்கத்தை முதன்முதலாக 1731இல் வழங்கியபோது அதனைப் பெற்றவர் தருமச் சோறு உண்ட இந்தக் கிழவரே. அடுத்த ஆண்டும் அவருக்கே அது கிடைத்தது. 1736இல் சாட்டர்ஹவுஸிலேயே அவர் உயிர் நீத்தார். இன்று நாடெங்கும் செம்புக் கம்பிகளில் ஓடி வீடுகளில் விளக்கேற்றும் மின்சாரத்தின் வரலாற்றில் ஓர் அதிகாரம், முதியோர் இல்லத்து அறையொன்றிலே எழுதப்பட்டது. முதியோருக்குக் கொடுப்பது திரும்பி வராத செலவு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இங்கிருந்த பள்ளியிற் சிறுவனாகப் படித்தவர் தக்கரே என்னும் நாவலாசிரியர். 'நியூகம் குடும்பம்' பற்றிய தமது நாவலில், இந்தியாவிற் படைத்தலைவராயிருந்து புகழெய்திய ஒருவர், வங்கி முறிந்து பொருளனைத்தும் இழந்து, தாம் சிறுவயதிற் படித்த அதே இடத்துக்கு வறிய சகோதரராகத் திரும்பி வருவதாக அவர் சித்திரித்தார். வகுப்பிற் பெயர் கூப்பிடும்போது மாணவன் கூறும் மறுமொழியைக் கூறியபடியே அப்பெரியவர் கண்மூடுகின்றார். முதியோர் இல்லம் என்பது எங்கோ யாரோ சிலருக்கு உரியது என்று எண்ணியிருந்த மக்கள், அந்நாவலைப் படித்தபின், நாளை தமக்கும் அது வேண்டியதாகலாம் என உணர்ந்தனர். பள்ளி 1872இல் கொடல்மிங் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. முதியோர் பழைய இடத்திலேயே எஞ்சினர்.

1941ஆம் ஆண்டு மே மாதத்தில் விமானக் குண்டுவீச்சினால் எழுந்த தீ மாளிகையின் பெரும் பகுதியை அழித்தது. இத்தோடு முடிந்தது என்று விட்டுவிட எல்லாக் காரணமும் இருந்தது. விட்டுவிடவில்லை. போருக்குப் பின்னர் சீலி, பஜெற் என்னும் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையிற் கட்டடம் மீண்டும் எழுந்தது. இடிபாடுகளை அகற்றியபோது பழைய மடத்தின் அடிச்சுவடுகள் வெளிப்பட்டன. 1947இல் சேர் வோல்ட்டர் மானியின் கல்லறை காணப்பட்டது. துறவி ஒருவருடைய வீட்டு வாயிலும், அதனருகே உணவு வைக்கும் வளைந்த துவாரமும் இன்றும் அங்கே காட்சியளிக்கின்றன. 2017இல் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டுப் பொதுமக்கள் உள்ளே செல்ல வழி பிறந்தது. ஆடவருக்கு மட்டுமே உரியதாயிருந்த இல்லத்தில் 2018 முதல் பெண்களும் இடம் பெற்றனர். அறுபது வயதுக்கு மேற்பட்டு, பொருள்வசதியும் உற்ற துணையும் குன்றிய நாற்பதுக்கு மேற்பட்டோர் அங்கே வாழ்கின்றனர். உணவு அதே பெருமண்டபத்திலேயே பரிமாறப்படுகிறது.

இங்கே துறவியரின் வாழ்க்கைமுறையை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். முதியவருக்கு வேண்டியவை இரண்டு. தாமே திறக்கவும் சாத்தவும் கூடிய ஒரு கதவு. தம்மை எதிர்பார்த்து ஓர் இருக்கை காத்திருக்கும் ஒரு பொதுக் கூடம். கதவு இல்லாத இடத்தில் மானம் போகும். கூடம் இல்லாத இடத்தில் மனம் போகும். உறைவிடம் என்ற பெயரில் நீண்ட மண்டபத்திற் கட்டில்களை வரிசையாகப் போடுவோர் முதலாவதை மறக்கின்றனர். அடுக்கு மாடிகளிற் பெட்டி பெட்டியாக அறைகளைக் கட்டி விடுவோர் இரண்டாவதை மறக்கின்றனர். பழைய கட்டடங்களுட் பல இவ்விரண்டையும் இயல்பாகவே தரவல்லன. சாட்டர்ஹவுஸில்கூடச் சகோதரருக்கான அறைகள் எல்லாம் பழைய மாளிகையிலே அமைந்தனவல்ல. 1820களிலும் 1830களிலும் அவர்களுக்கெனப் புது முற்றங்களும் அறைகளும் கட்டப்பட்டன. மாளிகை கூடமாயிற்று, புதுக் கட்டடம் கதவாயிற்று. பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று துணைநின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முயற்சி வேறு வழியிற் சென்றது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வோல்தம் நகரில், சார்ள்ஸ் ஆற்றங்கரையில் 1814இல் எழுந்த பஞ்சாலை ஒன்று உண்டு. பிரான்சிஸ் கபொட் லோவெலும் அவருடைய கூட்டாளிகளும் நிறுவிய அவ்வாலையிலேதான் பஞ்சை நூலாக்குவதும் நூலைத் துணியாக்குவதும் அந்நாட்டில் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் இயந்திரத்தால் நடைபெற்றன. 1930இல் அக்கம்பனி மூடப்பட்டது. 1977இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் ஒரு பகுதி தொழில் வரலாற்று அருங்காட்சியகமாகவும் மற்றொரு பகுதி முதியோருக்கான வீடுகளாகவும் மாறின. அதே மாநிலத்திற் குளொஸ்டர் என்னும் மீன்பிடி நகரின் நடுவே நின்ற பழைய பள்ளிக்கூடமும் 1970களில் முதியோர் குடியிருப்பாயிற்று.

பள்ளிக்கூடம் இதற்குப் பொருத்தமாய் அமைந்தது வியப்பன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னும் அந்நாட்டிற் கட்டப்பட்ட பள்ளிகளில் வெளிச்சத்துக்காகச் சாளரங்களை உயரமாக வைத்தனர். பிள்ளைகள் கூட்டமாய்ச் செல்லத் தாழ்வாரங்களை அகலமாக அமைத்தனர். ஒரு வகுப்பறையினுள் உறங்கும் அறையும் சமையலறையும் குளியலறையும் கொண்ட சிறு வீடொன்று அடங்கிவிடும். அகன்ற தாழ்வாரம் சக்கர நாற்காலிக்கு வழியாகும், மழைநாளில் உலாவுமிடமாகும். ஒன்றுகூடல் மண்டபம் அப்படியே பொதுக் கூடமாகும். எல்லாவற்றிலும் மேலாக, பள்ளிக்கூடம் ஊரின் நடுவில் இருப்பது. கடையும் தபாற் கந்தோரும் கோயிலும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. ஊருக்கு வெளியே மலிவான நிலத்திற் கட்டப்படும் புது இல்லம் எத்துணை வசதியுடையதாயினும் இந்த அயலை அதனால் தர இயலாது. சில இடங்களிற் கரும்பலகையைச் சுவரில் அப்படியே விட்டுவைத்துள்ளனர். அதில் முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை எழுதிவைக்கலாம்.

செலவு குறைவா என்பது அடுத்த வினா. எப்பொழுதும் குறைவு என்று கூறுதல் பொய்யாகும். அடித்தளமும் சுவரும் கூரையும் ஏற்கெனவே நிற்பதால் அவற்றின் செலவு மிஞ்சலாம். ஆனால் பழைய கட்டடத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்பது சுவரைத் திறந்த பின்னரே தெரியும். உளுத்த வளைகள், ஈயம் கலந்த வர்ணப்பூச்சு, அஸ்பெஸ்ரஸ் சுற்றிய குழாய்கள் ஆகியவற்றை அகற்றுவதற்குப் பெரும் பணம் வேண்டும். முதியோருக்கென்று மாற்றும்போது சிக்கல் இன்னும் மிகும். வாயிலின் கம்பீரமான படிக்கட்டே முதியவருக்குப் பகையாகும். அதற்குச் சாய்வுவழி வேண்டும். மாடிக்கு மின்தூக்கி வேண்டும். சக்கர நாற்காலி புகுவதற்குக் கதவின் திறப்பு 32 அங்குலமாவது இருத்தல் வேண்டுமென்று அந்நாட்டு விதி கூறும். தீ மூண்டால் விரைந்து ஓட இயலாதவர் வாழுமிடம் என்பதால் தீத்தடுப்பு வசதிகளிற் சிக்கனம் பாராட்டல் ஆகாது. இவற்றைச் செய்யாமற் பழமையின் அழகை மட்டும் போற்றினால், கட்டடம் பிழைக்கும். குடியிருப்பவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வர்.

இச்செலவுக்கு அந்நாட்டு அரசு கண்ட வழி வரிச்சலுகையாகும். வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலாக வரிச்சலுகை அளித்தது. 1986 முதல், தகுதிபெற்ற புதுப்பித்தற் செலவில் நூற்றுக்கு 20 பங்கை வருமானவரியிற் கழித்துக்கொள்ள இடமுண்டு. கட்டடத்தின் சிறப்பியல்புகளாகிய சாளரம், தாழ்வாரம், படிக்கட்டு முதலியவற்றைச் சிதைக்கலாகாது என்பது அதன் நிபந்தனை. அதே 1986இற் குறைந்த வருவாயினருக்கு வீடு அமைப்போருக்கும் தனியொரு வரிச்சலுகை ஏற்பட்டது. இரண்டையும் ஒருங்கே பெற்றுப் பல பள்ளிகளும் ஆலைகளும் முதியோர் வீடுகளாயின. அவ்வீடுகளிற் குடிபுகுவோரின் வருவாய்க்கு ஓர் உச்ச எல்லை உண்டு. வாடகைக்கும் எல்லை உண்டு.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறையுண்டு. அந்த வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 30 ஆண்டுகளுக்கு உரியது. தவணை முடிந்தபின் மாநிலச் சட்டமோ வேறு உடன்படிக்கையோ தடுக்காவிடின், உடைமையாளர் வாடகையை உயர்த்தலாம். எழுபது வயதிற் குடிபுகுந்த மூதாட்டி எண்பத்தைந்து வயதில் அத்தவணையின் முடிவை எதிர்நோக்க நேரிடலாம். அந்த வயதில் வேறு வீடு தேடுமாறு அவரிடம் யார் கூறுவது? கட்டடத்தின் சாளரம் மாறாதிருக்க எத்தனை நிபந்தனை விதித்தனர்! அச்சாளரத்தின் உள்ளே அமர்ந்திருப்பவர் மாறாதிருக்க அத்தனை உறுதியான நிபந்தனை வேண்டாவோ?

சட்டனின் தருமம் 400 ஆண்டுகளைக் கடந்து நிலைத்ததன் இரகசியம் இங்கேதான் உள்ளது. கல் நிலைத்ததாற் தருமம் நிலைக்கவில்லை. கல்லைத் துறவியரிடமிருந்து மன்னர் பறித்தார். மன்னரிடமிருந்து பிரபு வாங்கினார். பிரபுவின் தலை உருண்டது. பின்னாளிற் குண்டு விழுந்து தீயும் உண்டது. இன்னாருக்கே உரியது என்று எழுதிய உறுதி அழியவில்லை. அதனை அழிக்க வந்த வழக்கை நீதிமன்றம் தள்ளியது. விலைபேச வந்த மசோதாவை மக்கள் எதிர்த்தனர். தீ அழித்ததை மீண்டும் கட்டினர். கட்டடத்தை மாற்றுதல் கைவினைஞரின் வேலை. சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன் உரிமையைக் காத்தலோ தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் செய்யவேண்டிய வேலை.

இலங்கையிலும் பழைய கட்டடங்களுக்குப் புது வாழ்வு கொடுக்கும் முயற்சி தோன்றியுள்ளது. கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலை செப்பனிடப்பட்டு 2011இற் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் காப்பாற்றப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. நோயாளரைத் தாங்கிய கூரை வணிகத்துக்குப் பயன்படுமாயின், வேறொரு பழைய கூரை முதியோருக்கும் பயன்படலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எய்தியவர்கள். முதியோர் உரிமைகளைக் காப்பதற்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. 'மடம்' என்ற ஒரே சொல் துறவியர் உறையுளையும் வழிப்போக்கர் தங்குமிடத்தையும் குறிப்பது தமிழ் வழக்கு. பருத்தித்துறையிலே தெருவின் குறுக்கே கூரை மூடி நிற்கும் தெருமூடி மடத்தைக் கட்டியவர், முன்பின் அறியாதவர் களைப்பாறுவதற்காகவே கற்றூண் நிறுத்தினார். அவர் இரவலனுக்குக் கல் எதற்கு, ஓலை போதாதா என்று கேட்கவில்லை. பழைய மடங்களையும் கைவிடப்பட்ட பெருமனைகளையும் உடைய ஊரவர், அவற்றை இடிப்பதற்கு முன்னர் ஒருமுறை உள்ளே சென்று பார்த்தல் நன்று. ஒரு கதவுக்கும் ஒரு கூடத்துக்கும் அங்கே இடமிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். இருக்குமாயின், கொத்தனாரை அழைக்குமுன் நொத்தாரிசை அழைத்து, அது யாருக்கு உரியதென்று எழுதிவைத்தல் வேண்டும்.

பேக்கனின் வினாவுக்கு விடை இனிக் கடினமன்று. போர்வை ஏற்கெனவே நெய்யப்பட்டுள்ளது; அதை அணிந்திருந்தவரோ போய்விட்டார். பெட்டியில் வைத்து அந்துப்பூச்சிக்குக் கொடுப்பதிலும், குளிரில் நிற்பவருக்குக் கொடுப்பது மேலன்றோ?

சாட்டர்ஹவுஸின் அந்தி மணி மரபில் ஒருவர் மறைந்த மறுநாள் ஓர் அடி குறையும். அவருடைய அறை சில நாள் பூட்டிக் கிடக்கும். பின்னர் வேறொருவர் தம் சிறு பெட்டியுடன் வாயிலில் வந்து நிற்பார். திறவுகோல் அவர் கையிற் கொடுக்கப்படும். மண்டபத்தில் அவருக்கொரு நாற்காலி இழுத்துப் போடப்படும். அன்று மாலை மணி மீண்டும் ஓர் அடி கூடி ஒலிக்கும்.